குதிரையை அளந்தவர்

ஜேம்ஸ் வாட் நீராவி இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் அல்லர். மாணவர்களில் பலருக்கு இது வியப்பாக இருக்கலாம். அடுப்பில் கெண்டி கொதிக்கிறது, மூடி ஆடுகிறது, பக்கத்தில் இருந்த சிறுவன் அதைப் பார்த்து இயந்திரம் செய்துவிடுகிறான் என்ற கதையை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தவர்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட் பிறப்பதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பே, 1712-இல், இங்கிலாந்தின் டட்லி நகருக்கு அருகே தாமஸ் நியூகமன் என்ற இரும்புச் சாமான் வியாபாரி அமைத்த நீராவி இயந்திரம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

வாட் செய்தது வேறு வேலை. இன்னொருவர் செய்த இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். அதன் சக்தி எங்கே வீணாகிறது என்று அளந்தார். ஒரு மாற்றம் செய்தார். மாற்றியபின் மீண்டும் அளந்து, கிடைத்த இலாபத்தை எண்ணில் காட்டிக் காசு வாங்கினார். இன்று கார்ப் பட்டறைகளில் இந்த வேலைக்கு டியூனிங் என்று பெயர்.

ஜெஞ்சாரோம் வட்டாரத்தில் இன்ஜின் வேலை பார்ப்பவன் நான். பந்திங், தெலுக் பங்லிமா காராங், கிள்ளான் பக்கமிருந்து வரும் தம்பிகள் காரை நிறுத்தியதும் கேட்கும் முதல் கேள்வி, இதில் எத்தனை குதிரை ஏற்றலாம் என்பதுதான். எக்சோஸ் மாற்றினால் எத்தனை, ஈசியூ கணினியின் நிரலை மாற்றினால் எத்தனை, டர்போ போட்டால் எத்தனை என்று விரல்விட்டு எண்ணுவார்கள். அந்தக் 'குதிரை' எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியாது. அதை அளந்து வைத்தவரின் வாழ்க்கையை அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் டைனோவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரின் சக்கரங்களை இரும்பு உருளைகளின் மேல் ஏற்றி, கார் நகராதபடி பட்டைகளால் இறுக்கிக் கட்டுவோம். ஓட்டுநர் எண்ணெயை அழுத்தும்போது சக்கரம் உருளையைச் சுழற்றும். உருளையின் சுழற்சி நிலைமம் எவ்வளவு என்பது முன்பே தெரியும். அது எவ்வளவு விரைவாக வேகம் பிடிக்கிறது என்பதைக் கொண்டு முறுக்குவிசையையும், அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கித் திறனையும் கணினி கணக்கிட்டுக் கோடாக வரைந்துவிடும். ஒழுங்கான பட்டறையில் எதையும் மாற்றுவதற்கு முன் ஓர் ஓட்டம் எடுப்பார்கள். அந்த முதல் தாள் இல்லாமல் இரண்டாவது தாளுக்குப் பொருளே இல்லை. இந்தப் பழக்கத்தை ஒரு தொழிலாகவே ஆக்கிக் காட்டியவர் வாட்.

அவர் 1736 ஜனவரி 19-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிரீனோக் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். தந்தை கப்பல் தச்சர், கப்பலுக்கு வேண்டிய சாமான்களை விற்பவர், வணிகர். அந்தக் காலத்துக் கிரீனோக்கின் செல்வம் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அடிமைகள் உழைத்த கரும்பு, புகையிலைத் தோட்டங்களோடு பின்னிப் பிணைந்தது. வாட் குடும்பத்தின் வணிகமும் அதற்கு விலக்கன்று. பிற்காலத்தில் வாட்டின் நிறுவனம் கரீபியத் தீவுகளின் கரும்பு ஆலைகளுக்கும் இயந்திரங்கள் விற்றது. தோட்டத்துப் பிள்ளைகளான நாம் இதைப் படிக்கும்போது ஒரு கணம் நின்றுதான் போவோம். பெரிய மனிதரின் வாழ்க்கை என்பதற்காக இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சிறுவயதில் அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் வாட் தொடக்கத்தில் தாயாரிடமே பாடம் படித்தார். தலைவலி வாழ்நாள் முழுவதும் அவரை விடவில்லை. பள்ளியில் இலத்தீன், கிரேக்கம் ஏறவில்லை, கணிதம் ஏறியது. தந்தையின் பட்டறையில் அவருக்கென்று ஒரு சிறு மேசையும் கருவிகளும் இருந்தன. அங்கேதான் கை பழகியது.

தாயார் மறைந்து, தந்தையின் வணிகமும் சரியத் தொடங்கிய நிலையில், 1755-இல் துல்லியக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க இலண்டன் சென்றார். ஏழாண்டு பயிற்சி பெற வேண்டும் என்பது அக்காலத்து வழக்கம். வாட்டுக்கு அவ்வளவு காலமும் இல்லை, பணமும் இல்லை. ஜான் மோர்கன் என்ற கைவினைஞர் கட்டணம் வாங்கிக்கொண்டு ஓராண்டு கற்றுத்தர ஒப்புக்கொண்டார். வாட் அந்த ஓராண்டில் உடம்பு தாங்காத அளவுக்கு உழைத்தார். இளைஞர்களைப் பிடித்துப் போர்க்கப்பலில் ஏற்றிவிடும் கூட்டம் தெருக்களில் திரிந்ததால், வெளியே போகவும் அஞ்சி உள்ளேயே கிடந்தார்.

ஊர் திரும்பி கிளாஸ்கோ நகரில் கடை வைக்கப் பார்த்தபோது அங்குள்ள தொழிலாளர் சங்கம் தடுத்தது. ஏழாண்டு பயிற்சி இல்லாதவனுக்கு நகரில் கடை இல்லை என்பது சட்டம். நகரத்தின் சட்டம் செல்லாத இடம் ஒன்று இருந்தது, கிளாஸ்கோ பல்கலைக்கழகம். 1757-இல் அது தன் வளாகத்திலேயே அவருக்கு ஒரு பட்டறை கொடுத்தது. பட்டம் படிக்காத அந்தக் கருவிக்காரரின் அறைக்குப் பேராசிரியர்களும் மாணவர்களும் வந்து உட்கார்ந்து பேசும் வழக்கம் உண்டாயிற்று. வேதியியலாளர் ஜோசப் பிளாக் அப்படி வந்து நெருங்கிய நண்பரானவர்.

1763-64 குளிர்காலத்தில் ஒரு ரிப்பேர் வேலை வந்தது. பாடம் நடத்தப் பயன்பட்ட, நியூகமன் இயந்திரத்தின் சிறு மாதிரி அது. சிலிண்டரின் விட்டம் இரண்டு அங்குலம். முன்பே இலண்டனுக்கு அனுப்பியும் சரியாகவில்லை. வாட் அதைச் சரிசெய்தார். இயந்திரம் ஓடியது, ஆனால் சில வீச்சுகளிலேயே கொதிகலனில் நீராவி தீர்ந்து நின்றுவிட்டது. மற்றவர்களாக இருந்தால் ஓடுகிறது என்று சொல்லிக் கூலியை வாங்கியிருப்பார்கள். பெரிய இயந்திரங்கள் நாள் முழுவதும் ஓடும்போது இது மட்டும் ஏன் இவ்வளவு நீராவி குடிக்கிறது என்று வாட் உட்கார்ந்துவிட்டார்.

நியூகமன் இயந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கவனியுங்கள். நிமிர்ந்து நிற்கும் சிலிண்டரை நீராவி நிரப்பும். பிறகு உள்ளே குளிர்ந்த நீரைப் பீய்ச்சுவார்கள். நீராவி சுருங்கித் தண்ணீராகும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். அதாவது வேலையைச் செய்வது காற்று மண்டலம், நீராவி அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது. அடுத்த வீச்சுக்கு மறுபடி நீராவி வர வேண்டும். ஆனால் சிலிண்டர் இப்போது குளிர்ந்து கிடக்கிறது. வருகிற நீராவியில் பெரும்பகுதி அந்த இரும்பைச் சூடாக்குவதிலேயே செத்துப்போகும். சூடாக்கியதும் மறுபடி குளிர்ந்த நீர். ஒவ்வொரு வீச்சிலும் இதே கூத்து.

சிறிய சிலிண்டரில் கொள்ளளவைவிடச் சுவரின் பரப்பு விகிதத்தில் அதிகம் என்பதால் அந்த மாதிரியில் இழப்பு மிகவும் தெரிந்தது. பெரியதிலும் அதே இழப்பு உண்டு, ஆனால் கண்ணில் படாமல் இருந்தது. ஒரு வீச்சுக்கு எவ்வளவு நீர் ஆவியாகிறது, சிலிண்டரின் கொள்ளளவு எவ்வளவு என்று வாட் தனித்தனியாக அளந்தார். உள்ளே போன நீராவி சிலிண்டர் கொள்ளளவைப்போலப் பல மடங்கு. வேறொரு சோதனையில், நீராவி தன் எடையைப்போல ஏறக்குறைய ஆறு மடங்கு குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடுவதைக் கண்டார். நீராவிக்குள் இவ்வளவு வெப்பம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிளாக்கிடம் போய்க் கேட்டார். பிளாக் சில ஆண்டுகளாகவே அதைப் பாடமாக நடத்திக்கொண்டிருந்தார். நம் இயற்பியல் நூலில் உள்ள மறை வெப்பம் அதுதான்.

விடை கிடைத்தது 1765 மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் பசுந்திடலில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது. நீராவியைச் சிலிண்டருக்குள் ஏன் குளிர்விக்க வேண்டும்? பக்கத்தில் வேறொரு கலம் வைத்து, குழாய் வழியாக நீராவியை அங்கே இழுத்துக் குளிர்வித்தால் போதுமே. சிலிண்டர் எப்போதும் சூடாக இருக்கும், கலம் எப்போதும் குளிர்ந்து இருக்கும். ஓய்வுநாளில் கருவியைத் தொடுவது அந்த ஊரில் பாவம். மறுநாள்தான் வேலையைத் தொடங்க முடிந்தது. ஒரு பித்தளைப் பீச்சாங்குழலைச் சிலிண்டராக வைத்து முதல் மாதிரியைச் செய்தார். அது வேலை செய்தது.

இந்த இடத்தில் நிறுத்திவிடுவது பாடநூல்களின் வழக்கம். எனக்கோ இதற்குப் பிறகு வரும் பதினோரு ஆண்டுகள்தான் முக்கியமாகத் தெரிகிறது. மேசைமேல் ஓடிய யோசனை சுரங்கத்தில் ஓட 1776 வரை ஆயிற்று.

தடை எங்கே இருந்தது என்றால், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில். அக்காலத்துச் சிலிண்டர்கள் உருக்கி வார்த்துத் தேய்க்கப்பட்டவை, உள்வட்டம் வட்டமாகவே இருக்காது. நியூகமன் இயந்திரத்தில் பிஸ்டன்மேல் தண்ணீரை ஊற்றி இடைவெளியை அடைத்தார்கள். வாட்டின் சிலிண்டர் சூடாக இருக்க வேண்டுமே, தண்ணீர் ஊற்ற முடியாது. தக்கை, எண்ணெய் தோய்த்த துணி, சணல் நார் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்துப் பார்த்தார். நீராவி கசிந்துகொண்டே இருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த இன்ஜினுக்கு டர்போ போடச் சொல்லி வரும் தம்பிகளிடம் நான் சொல்வது இதைத்தான். சிலிண்டர் அழுத்தத்தை முதலில் சோதிக்க வேண்டும், அது தங்கவில்லை என்றால் மேலே எதைப் பூட்டினாலும் கீழே ஒழுகும்.

பணத்துக்கு ஜான் ரோபக் என்ற தொழிலதிபர் பங்காளியானார். 1769-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால் ரோபக்கின் சுரங்கத் தொழில் நொடித்தது. மனைவி மக்களைக் காப்பாற்ற வாட் கால்வாய் வெட்டும் வேலைகளுக்கு நில அளவையாளராகப் போனார். மழையிலும் சேற்றிலும் ஆண்டுக்கணக்கில் அலைந்தார். 1773-இல் தொலைவில் அளவை வேலையில் இருந்தபோது, மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துவிட்டார். அதே ஆண்டு ரோபக் திவாலானார். இயந்திரம் இன்னும் ஓடவில்லை. வாட்டுக்கு வயது 37.

ரோபக்கின் பங்கு, கடனுக்கு ஈடாக பர்மிங்ஹாமின் மேத்யூ போல்டன் கைக்குப் போனது. போல்டன் பெரிய தொழிற்சாலையின் உரிமையாளர், விற்கத் தெரிந்தவர், நம்பிக்கை குன்றாதவர். எதிலும் முதலில் கெடுதலையே காணும் வாட்டுக்கு அவர் சரியான ஜோடி. 1774-இல் வாட் பர்மிங்ஹாமில் குடியேறினார். மறு ஆண்டு, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் காப்புரிமையை 1800 வரை நீட்டித்துக்கொண்டார்கள்.

அதே 1774-இல் ஜான் வில்கின்சன் என்ற இரும்பு ஆலைக்காரர் பீரங்கிக் குழலைத் துல்லியமாகக் குடையும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். அந்த முறையை வைத்து அவர் வாட்டுக்குச் சிலிண்டர் குடைந்து கொடுத்தார். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன்கூடப் பிசகு இல்லை என்று போல்டன் பெருமைப்பட்டார். 1776-இல் இரண்டு இயந்திரங்கள் ஓடத் தொடங்கின. ஒன்று டிப்டன் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. மற்றொன்று வில்கின்சனின் இரும்பு உலைக்குக் காற்று ஊதியது. யோசனை ஒருவருடையது, துல்லியம் இன்னொருவருடையது. வில்கின்சன் பெயரை நம் பிள்ளைகள் அறியாதது எனக்குக் குறையாகவே படுகிறது.

இனி நான் மிகவும் இரசிக்கும் பகுதி. போல்டனும் வாட்டும் இயந்திரத்தை ஒரு விலைக்கு விற்றுவிட்டு விலகவில்லை. வாங்குபவர் பாகங்களுக்கும் கட்டுமானத்துக்கும் தாமே செலவழிக்க வேண்டும். போல்டனும் வாட்டும் கேட்டது, பழைய நியூகமன் இயந்திரத்தோடு ஒப்பிடும்போது மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மிச்சம் இல்லையென்றால் கூலியும் இல்லை. கார்ன்வால் வட்டாரத்துச் செம்பு, தகரச் சுரங்கங்களுக்கு நிலக்கரி கடல் தாண்டி வேல்ஸ் நாட்டிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். அதனால் அவர்கள்தான் முதலில் ஓடி வந்தார்கள்.

இந்த ஒப்பந்தத்துக்கு அளவு வேண்டும். பழைய இயந்திரம் இவ்வளவு தண்ணீரை இவ்வளவு உயரம் தூக்க எவ்வளவு நிலக்கரி எரித்தது என்பதை முதலில் கணக்கிட்டார்கள். நான் சொன்ன அந்த முதல் தாள் இதுதான். பிறகு புதிய இயந்திரம் எத்தனை வீச்சு ஓடியது என்று எண்ண, அசையும் பெரிய தூலத்தில் ஓர் எண்ணியைப் பொருத்தி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி வாட் தரப்பிடம் இருந்தது. பழைய இயந்திரம் தின்றதில் மூன்றில் ஒரு பங்கு, சில இடங்களில் நாலில் ஒரு பங்கு நிலக்கரியே புதியதற்குப் போதுமானதாக இருந்தது.

சுரங்க முதலாளிகள் முதலில் மகிழ்ந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, எரிக்காத கரிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும் என்று முணுமுணுத்தார்கள். சிலர் கொடுப்பதை நிறுத்தினார்கள், சிலர் வேறு பொறியாளர்களை வைத்து அதே முறையில் இயந்திரம் கட்டிக்கொண்டார்கள். வழக்குகள் 1799 வரை இழுத்தன. வாட் வென்றார். ஆனாலும் அந்த 25 ஆண்டுக் காப்புரிமை மற்றவர்களின் கையைக் கட்டிப்போட்டது என்று சொல்வோரும் உண்டு. பட்டறைக்காரனாக நான் அவர்கள் பக்கம்தான் சாய்கிறேன்.

1780-களில் தேவை மாறியது. தண்ணீர் இறைக்க மேலும் கீழும் அசைந்தால் போதும். மாவு அரைக்க, நூல் நூற்கச் சுழற்சி வேண்டும். சைக்கிள் மிதிகட்டை போன்ற கிராங்க் அமைப்பை இந்த வேலைக்கு ஜேம்ஸ் பிக்கார்ட் என்பவர் முந்திக்கொண்டு காப்புரிமை பெற்றிருந்தார். அவரிடம் போய்க் கேட்க வாட்டுக்கு மனமில்லை. பல்சக்கரத்தைச் சுற்றி இன்னொரு பல்சக்கரம் ஓடும் சூரியன்-கோள் அமைப்பை 1781-இல் பதிவு செய்தார். அந்த யோசனை அவருடைய பணியாளர் வில்லியம் மர்டாக்கினுடையது என்று சொல்லப்படுகிறது. பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி தள்ளும் முறை 1782-இல் வந்தது. பிஸ்டன் தண்டை நேர்கோட்டில் வழிநடத்தும் இணைப்பு 1784-இல். தன் வேலைகளிலேயே வாட் அதிகம் பெருமைப்பட்டது இந்த இணைப்பைப் பற்றித்தான். வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் குண்டு ஆளுநியை 1788-இல் தம் இயந்திரத்தில் சேர்த்தார்.

சுழலும் இயந்திரத்துக்கு எப்படிக் கட்டணம் போடுவது? மதுபான ஆலையிலும் மாவு ஆலையிலும் முன்பு நியூகமன் இயந்திரமே இல்லை, எதோடு ஒப்பிடுவது? அங்கே இருந்தவை குதிரைகள். ஆலைக்காரர் கேட்ட கேள்வி எளிது: உங்கள் இயந்திரம் வந்தால் நான் எத்தனை குதிரையை விற்கலாம்?

வாட் குதிரையை அளந்தார். ஆலையில் குதிரை 12 அடி ஆரமுள்ள வட்டத்தில் சுற்றிவரும். மணிக்கு 144 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 2.4 சுற்று. அது இழுக்கும் விசையை 180 ராத்தல் என்று வைத்தார். ஒரு சுற்றின் நீளம் ஏறக்குறைய 75.4 அடி. பெருக்கிப் பாருங்கள். நிமிடத்துக்கு 32,500 அடி-ராத்தலுக்குச் சற்று மேல் வரும். அதை 33,000 என்று முழுமையாக்கினார். ஒரு நிமிடத்தில் 33,000 ராத்தல் எடையை ஓர் அடி தூக்கும் திறனே ஒரு குதிரைத்திறன். இன்றைய அலகில் 746 வாட். சாதாரணக் குதிரை நாள் முழுவதும் தரக்கூடியதைவிட இது அதிகம். ஆகவே பத்துக் குதிரைத்திறன் இயந்திரம் வாங்கியவர், பத்துக் குதிரையின் வேலை நடக்கவில்லை என்று குறை சொல்ல வழியே இருக்காது.

உங்கள் திறனை நீங்களே அளக்கலாம். 60 கிலோ எடையுள்ள மாணவர் 3 மீட்டர் உயரமுள்ள பள்ளிப் படிக்கட்டை 4 வினாடியில் ஏறினால், 60-ஐ 9.8-ஆலும் 3-ஆலும் பெருக்கி 4-ஆல் வகுக்க வேண்டும். 441 வாட். அரைக் குதிரைக்கும் சற்று மேல். நாள் முழுவதும் அப்படி ஏற முடியுமா என்பது வேறு விஷயம்.

கார் விற்பனைத் தாளில் பிஎஸ் என்று ஓர் அலகைப் பார்த்திருப்பீர்கள். அது மெட்ரிக் குதிரை, 735.5 வாட். வாட்டின் குதிரையைவிடச் சற்றே மெலிந்தது. 100 கிலோவாட் இன்ஜினை 134 குதிரைத்திறன் என்றும் சொல்லலாம், 136 பிஎஸ் என்றும் சொல்லலாம். இன்ஜினில் எதுவும் மாறவில்லை. இரண்டு குதிரை கூடியதாக நம்பிக் காசு கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தயாரிப்பாளர் தரும் எண் இன்ஜினில் அளந்தது. டைனோ உருளை அளப்பது சக்கரத்தில். கியர்பெட்டியும் அச்சும் உராய்ந்து தின்றதுபோக மிஞ்சியதே தாளில் வரும். வெப்பமான காற்று மெலிந்த காற்று என்பதால், பிற்பகல் 33 டிகிரியில் எடுத்த ஓட்டமும் அதிகாலையில் எடுத்த ஓட்டமும் ஒன்றாகா. அதனால்தான் தாளின் ஓரத்தில் வெப்பநிலையும் காற்றழுத்தமும் குறிக்கப்படுகின்றன.

வாட்டின் பட்டறையில் பிறந்த இன்னொரு கருவியும் உண்டு, அதுதான் எனக்கு வியப்பளிப்பது. சிலிண்டருக்குள் அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று அறிய, சிறிய பிஸ்டனும் சுருள்வில்லும் கொண்ட ஒரு மானியை அவர் பயன்படுத்தினார். 1796-இல் அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன் அதில் ஒரு பென்சிலையும், இயந்திரத்தோடு சேர்ந்து நகரும் பலகையையும் இணைத்தார். இயந்திரம் ஒரு வீச்சு ஓடி முடிக்கும்போது தாளில் ஒரு மூடிய வளைவு வரையப்பட்டிருக்கும். அந்த வளைவுக்குள் இருக்கும் பரப்பே அந்த வீச்சில் செய்த வேலை. வால்வு தாமதமாகத் திறந்தால் வளைவின் மூலை மழுங்கும். கசிவு இருந்தால் வளைவு சப்பையாகும். இயந்திரத்தைத் திறக்காமலேயே நோயைச் சொல்லிவிடலாம். இதை அவர்கள் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தார்கள். வாட் இறந்த பிறகே அது வெளியுலகுக்கு வந்தது. இன்றும் பந்தய இன்ஜின் செய்பவர்கள் சிலிண்டருக்குள் உணரி வைத்துக் கணினியில் வரைவது அதே வளைவைத்தான்.

சுழலும் தண்டைத் தடுத்துப் பிடித்துத் திறனை அளக்கும் முறை வாட்டின் காலத்துக்குப் பின்னர், 1821-இல், பிரான்சின் புரோனி செய்த தடுப்புக் கருவியோடு வந்தது. தண்டை மரக்கட்டைகளால் இறுக்கி, ஒரு நீண்ட கையின் முனையில் எடையைத் தொங்கவிட்டு அளந்தார். பிரேக் ஹார்ஸ்பவர் என்ற சொல்லில் உள்ள பிரேக் அதுதான். 1877-இல் வில்லியம் புரூட் நீரைக் கொண்டு தடுக்கும் கருவியைச் செய்தார். நம் டைனோ அவற்றின் பேரப்பிள்ளை.

அப்படியானால் வாட் ஒரு கார் செய்திருக்கலாமே என்று தோன்றும். செய்ய மறுத்தார். மர்டாக் 1784-இல் கார்ன்வாலில் நீராவியால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்து ஓட்டிக் காட்டினார். அந்த நேரத்துக்கு அங்கே வேறு யாரிடமும் அப்படி ஒன்று இல்லை. வாட் அதை ஊக்குவிக்கவில்லை. தம் காப்புரிமை ஒன்றில் நீராவி வண்டியையும் சேர்த்து எழுதிப் பிறரைத் தடுத்தார், ஆனால் தாமும் கட்டவில்லை. பின்னர் மர்டாக் தம் வண்டிக்குக் காப்புரிமை பெற இலண்டனுக்குப் புறப்பட்டபோது, வழியில் எதிர்ப்பட்ட போல்டன் அவரைச் சமாதானம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல மெக்கானிக்கை இழக்க நிறுவனம் விரும்பவில்லை.

வாட்டின் மறுப்புக்கு இன்னொரு காரணம், உயர் அழுத்த நீராவியின் மேல் அவருக்கிருந்த அச்சம். சாலையில் ஓட இயந்திரம் சிறியதாக வேண்டும், சிறியதாக வேண்டுமானால் அழுத்தம் கூட வேண்டும். அக்காலத்துக் கொதிகலன்கள் அதைத் தாங்கும் தரத்தில் இல்லை. நம் வட்டாரச் செம்பனை ஆலைகளில் பாய்லர் பார்த்த பெரியவர்களைக் கேட்டால் தெரியும், சான்றிதழ் இல்லாதவரை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். 1800-இல் காப்புரிமை முடிந்தது. 1801-இல் ரிச்சர்ட் டிரெவிதிக் உயர் அழுத்த நீராவி வண்டியைக் கார்ன்வாலின் சாலையில் ஆட்களோடு ஓட்டினார். 1803-இல் கிரீனிச்சில் அவருடைய கொதிகலன் ஒன்று வெடித்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். போல்டன்-வாட் தரப்பு அதை விடாமல் எடுத்துச் சொல்லியது. டிரெவிதிக் சோர்ந்துவிடவில்லை, இரண்டாவது பாதுகாப்பு வால்வு ஒன்றைச் சேர்த்தார். வாட்டின் அச்சம் நியாயமானது, ஆனால் வழி டிரெவிதிக்கினுடையது. கம்பெனி பிஸ்டனில் டர்போ அழுத்தத்தைக் கூட்டச் சொல்லி யாராவது நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும் ஒருசேர நினைவுக்கு வருவார்கள்.

காப்புரிமை முடிந்த அதே ஆண்டில் வாட் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். அதற்குள் செல்வந்தராகியிருந்தார். 1804-இல் மகன் கிரிகரி இளம் வயதிலேயே இறந்தது அவரை வாட்டியது. பர்மிங்ஹாமுக்கு அருகே ஹீத்பீல்டு என்ற தம் வீட்டின் மாடி அறையில் ஒரு சிறு பட்டறை வைத்துக்கொண்டார். சிற்பங்களைப் பார்த்து அதே வடிவில் செதுக்கும் இயந்திரம் ஒன்றை அங்கே பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார். 1819 ஆகஸ்ட் 25-ஆம் நாள், 83-ஆம் வயதில் காலமானார். ஹேண்ட்ஸ்வொர்த் தேவாலயத்தில், போல்டன் அடக்கம் செய்யப்பட்ட அதே இடத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள். 1882-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் திறனின் அலகுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது.

அந்த மாடி அறையைப் பூட்டி அப்படியே விட்டுவிட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு வீடு இடிக்கப்படவிருந்தபோது, அறையின் தரைப்பலகையோடு அனைத்தையும் பெயர்த்து 1924-இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கான கருவிகள், பாதி முடிந்த சிலைகள், திருகுகள், கண்ணாடிக் குப்பிகள் எல்லாம் அவர் விட்டுப்போன வரிசையிலேயே இன்றும் அங்கே இருக்கின்றன.